தடிமன் இல்லாத கெண்டி

பிரமிடு கட்டியவர்களை உலகம் தேவைக்கு மேலேயே புகழ்ந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், அவர்களால் முடிந்தது தட்டையாக நாலு பக்கம், அவ்வளவுதான். ஒரு நெளிவு கிடையாது, ஒரு சுளிவு கிடையாது. கை வைத்தால் தோல் சிராய்க்கிறது. எகிப்தின் மேல் அத்தனை ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடந்த இந்தக் களங்கத்தைத் துடைத்த பெருமை, கெய்ரோவுக்கு வடக்கே ஷுப்ரா அல்-கைமாவில், சாயப்பட்டறைக்கும் பஸ் டெப்போவுக்கும் நடுவே புகை கக்கிக்கொண்டிருக்கும் ‘நேர்ப்பிறை பிளாஸ்டிக் கம்பெனி’யையே சேரும்.

நேர்ப்பிறை கம்பெனி செய்வது கெண்டி. கை கழுவவும் கால் கழுவவும் மற்றதைக் கழுவவுமான, மூக்கு வைத்த பிளாஸ்டிக் கெண்டி. பச்சையில் உண்டு, நீலத்தில் உண்டு, என்ன நிறமென்று சொல்ல முடியாத ஒரு நிறத்திலும் உண்டு. அந்த நாட்டில் குழாயில் தண்ணீர் வராத வீடு இருக்கும், குழாயடியில் கெண்டி இல்லாத வீடு இருக்காது. கெண்டிக்குக் கம்ப்யூட்டரில் வடிவம் வரைகிறவன் ரிஃபாத். உருளை ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி, எதிர்ப்பக்கம் ஒரு மூக்கு. சாய்த்தால் தண்ணீர் வரும் என்பதைத் தவிர அந்தக் கெண்டியைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அப்படி ஒரு இருண்ட காலம்.

அந்த இருளில் விளக்கேற்றியவர் முதலாளி ஹாஜி மித்வல்லி. இத்தாலியில் ஏதோ கண்காட்சிக்குப் போனவர், அங்கே பழம் பிழியும் கருவி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, தடவிய கையைக் கழுவாமலேயே விமானம் ஏறி வந்து கூட்டம் போட்டார்.

“இத்தனை வருஷமா நாம பாத்திரம் பண்ணிக்கிட்டிருந்தோம். வெக்கக்கேடு! வெளிநாட்டுக்காரன் பாத்திரமா பண்றான்? மேற்பரப்பு பண்றான்யா, மேற்பரப்பு!”

ரிஃபாத் சந்தேகம் கேட்டான். “அப்ப உள்ள என்ன ஹாஜி வைக்கிறாங்க?”

“உள்ளயா? எவன் உள்ள பாக்குறான்? உன்ன வேலைக்கு எடுத்தப்ப நான் உள்ளயா பாத்தேன்?”

கூட்டம் சிரித்தது. ரிஃபாத்தும் சிரித்தான். முதலாளி சொல்லும் நகைச்சுவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவன்தான் மற்றவர்களை விடச் சற்று அதிகமாகச் சிரிக்க வேண்டும் என்பது அலுவலக மரபு.

மறுநாள் நிர்வாக அதிகாரி குதுப் ஓர் ஆணை வெளியிட்டார். குதுப்பின் ஆணைகள் கெண்டியைவிடக் கெட்டியானவை. ‘வடிவமைப்புப் பிரிவினர் அனைவரும் மேற்பரப்புக் கல்வி பயின்று, இறுதித் தேர்வில் மேன்மைதங்கிய தலைவர் முன்னிலையில் தத்தம் மேற்பரப்பைக் காட்டக் கடமைப்பட்டவர்கள். சிறந்த மேற்பரப்புடையவர் பொருள் மேம்பாட்டுத் துறைக்குத் தலைவராவார். மேற்பரப்பு போதாதவர் கார்கா கிடங்கில் பணி தொடர்வார்.’

கார்கா என்பது பாலைவனத்துக்கு உள்ளே பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் பாலைச்சோலை. கம்பெனிக்கு அங்கே ஒரு கிடங்கு. விற்காத கெண்டிகளையும் விளங்காத ஊழியர்களையும் அங்கேதான் அடுக்கிவைப்பார்கள். இரண்டும் அங்கிருந்து திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

ரிஃபாத் வீட்டுக்கு வந்து மனைவி இப்திஹாலிடம் சொன்னான். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் பகல் முழுக்கத் தையல் மிஷின் மிதித்துவிட்டு வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

“நான் கார்காவுக்கு வர மாட்டேன். நம்ம மூணாவது மாடிக்குத் தண்ணி ஏற ஆரம்பிச்சதே போன வருஷந்தான். குழாயத் திறந்தா சத்தம் கேக்குது பாரு, அதக் கேட்டுக்கிட்டே சாவேன். நீ போயி ஈச்சம்பழத்தப் போட்டோ எடுத்து அனுப்பு.”

“பாஸ் பண்ணிட்டா போக வேண்டாம்.”

“பாஸ் பண்ணலன்னா? ‘இத்தனை வருஷமா உழைச்சேன், என்ன எதுக்கு அனுப்புறீங்க’ன்னு ஒரு வார்த்த கேப்பியா? கேக்க மாட்டே. கீழ் வீட்டுக்காரன் நம்ம மோட்டார்ல தண்ணி இழுக்குறான், அவன ஒரு வார்த்த கேளுன்னேன். அவன் கூட உக்காந்து டீ குடிச்சிட்டு வந்தே. உனக்கெல்லாம் வாய் எதுக்குத்தான் இருக்கோ!”

ரிஃபாத் ஒரு ரொட்டியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டான். வாய் நிறைய ரொட்டி இருந்தது என்பது அவன் தரப்பு.

*

கல்வி தொடங்கியது. கற்பிக்க வந்தவர் டாக்டர் நஸ்மி. எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கெய்ரோவில் கண்ணாடி போட்டிருப்பவர் டாக்டர், வயிறு இருப்பவர் பாஷா, இரண்டும் இல்லாதவர் இன்ஜினியர். நஸ்மிக்குக் கண்ணாடி இருந்தது.

முதல் வகுப்புக்கு ஹாஜியே வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

“கம்ப்யூட்டர்ல நாம வரையிற மேற்பரப்புக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு,” என்றார் நஸ்மி. “தடிமன் கிடையாது. சுத்தமா சைபர்.”

ஹாஜி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “தடிமனே இல்லியா?”

“இல்லை ஹாஜி.”

“அப்ப பிளாஸ்டிக்?”

“தடிமன் அப்புறமா கொடுத்துக்கலாம் ஹாஜி...”

“ஏன்யா கொடுக்கணும்? இல்லாததப் போயி எதுக்குக் கொடுக்கணும்? எங்க அப்பன் காலத்துலேருந்து பிளாஸ்டிக்குக் காசு கொட்டி அழுதுக்கிட்டிருக்கேன், இத இத்தனை நாளா எவனும் சொல்லலியே!” அவர் கண் கலங்கியது. விஞ்ஞானம் ஒரு மனிதரை இத்தனை நேரடியாகத் தொட்டு ரிஃபாத் பார்த்ததில்லை.

இரண்டாம் பாடம், துண்டோடு துண்டு சேர்ப்பது. ஒரு கெண்டியின் தோலை ஒரே துண்டாகப் போர்த்த முடியாது. வயிற்றுக்கு ஒரு துண்டு, கழுத்துக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று தனித்தனியே செய்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் தெரியக் கூடாது. இந்த ஒட்டுதலுக்கு மூன்று படிநிலைகள் உண்டென்றார் நஸ்மி.

“மொதல் நிலை, ரெண்டு துண்டும் சும்மா தொட்டுக்கிட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி. ரெண்டாம் நிலை, சேர்ற இடத்துல ரெண்டும் ஒரே திசைய பாக்கும். சம்பந்தி மாதிரி. மூணாம் நிலைதான் உன்னதம். இது எந்த அளவுக்கு வளையுதோ, அதுவும் அட்சரம் பிசகாம அதே அளவுக்கு வளையும்.”

“யார் மாதிரி?” என்று கேட்டார் ஹாஜி.

நஸ்மி தடுமாறினார். குதுப் எழுந்து, ஹாஜி முன்சாய்ந்திருந்த அதே கோணத்துக்குத் தாமும் சாய்ந்து, “எங்கள மாதிரி ஹாஜி,” என்றார். அந்த நொடியில் மூன்றாம் நிலை அனைவருக்கும் விளங்கியது.

அடுத்து வளைவுச் சீப்பு. ஒரு கோட்டின் வளைவை அளக்க, அதன் மேல் கம்ப்யூட்டர் முள்முள்ளாய் மயிர் முளைக்கவைத்துக் காட்டும். மயிர் ஒரே சீராக எழுந்து அடங்கினால் வளைவு நல்ல வளைவு. வழுக்கைத் தலையரான குதுப் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இந்த வசதி ஸ்கிரீனுக்கு வெளிய வருமா டாக்டர்?” என்று தனியாகக் கேட்டதாகப் பேச்சு.

எல்லாவற்றுக்கும் சிகரம், ஹாஜி வகுப்புக்கு வராத ஒரு நாளில் நடந்த கோட்டுச் சோதனை. பித்தானைத் தட்டினால் வடிவத்தின் மேல் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடும். அவை வடிவத்தின் மேல் வரைந்த கோடுகள் அல்ல. எதிரே வரிசையாகக் குழல்விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டால் பளபளப்பான பொருளின் மேல் எப்படித் தெரியுமோ அப்படி, கம்ப்யூட்டரே கற்பனை செய்து காட்டும் பிரதிபலிப்பு. துண்டு சேர்ந்த இடத்தில் கோடு ஒடியாமல் வழுக்கிப் போனால் மேற்பரப்பு தேறிவிட்டது. ஒடிந்தால் போச்சு. ஆங்கிலத்தில் அதற்கு வரிக்குதிரையின் பெயர். அந்த ஊர்ப் பேச்சில் வரிக்குதிரைக்குக் காட்டுக்கழுதை என்று பெயர். ஆகவே குதுப்பின் அடுத்த ஆணை இப்படி இருந்தது: ‘ஊழியர் ஒவ்வொருவரும் நாள்தோறும் பணி முடிந்து செல்லும் முன் காட்டுக்கழுதையாகி, அதைத் தம் மேலதிகாரிக்கு உறுதிசெய்து செல்லவும்.’ ஊழியர்களுக்கு அதில் புதிதாக ஏதும் தெரியவில்லை.

*

ரிஃபாத் பாடுபட்டான். பொய் சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்தான். அவன் வயிறு வந்தது, கழுத்து வந்தது. மூக்கு மட்டும் வயிற்றோடு சேர மறுத்தது. சேருமிடத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் நாலு விரல் தள்ளி ஒரு கொப்புளம் எழும். கொப்புளத்தை அமுக்கினால் கழுத்தில் மடிப்பு விழும். மடிப்பை நீவினால் கைப்பிடி கோணும். பக்கத்து மேஜைக்காரர்கள் கடந்து போகும்போது நின்று பார்த்தார்கள்.

“என்ன இன்ஜினியரே, கெண்டிக்கு அம்மையா?”

“போங்கய்யா.”

“வேப்பெண்ண தடவிப் பாருங்க.”

திடீரென்று ஒரு நாள், எதை எப்படி இழுத்தான் என்று அவனுக்கே தெரியாமல், மூக்கு வயிற்றில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கோட்டுச் சோதனையைப் போட்டான். கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு. வயிற்றிலிருந்து மூக்குக்கு ஒரு கோடுகூட ஒடியாமல் எண்ணெய் போல ஓடியது. ரிஃபாத் மேஜை மேல் தலையைக் கவிழ்த்து அழுதான்.

ஒரே ஒரு சின்னக் குறை இருந்தது. வயிற்றின் மேல் மூக்கை ஒட்டினானே தவிர, ஒட்டிய இடத்துக்கு அடியில் வயிற்றுத் தோலை வெட்டி எடுக்கவில்லை. வெளியே இருந்து பார்த்தால் மூக்கு. உள்ளே வயிற்றுக்கும் மூக்குக்கும் நடுவே முழுசாக ஒரு சுவர். அதை வெட்டத்தான் பார்த்தான். ஆனால் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலையும் முந்தின வேலையின் தலை மேல் நிற்கிறது. நடுவில் ஒன்றைத் தொட்டால் அதன் மேல் நிற்பதெல்லாம் சரியும். ரிஃபாத் சுவரை வெட்டியதும் திரையின் இடப்பக்க வேலைப்பட்டியல் மேலிருந்து கீழ்வரை ரத்தச் சிவப்பாகப் பிழை காட்டியது. கைப்பிடி கூரைக்குப் பறந்தது. மூக்கு எங்கோ தனியாகக் கிடந்து பெருமூச்சு விட்டது. எல்லாவற்றையும் பழையபடி மீட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்புறம் என்பது கார்காவைவிடத் தூரமான ஊர்.

தேர்வு நாளன்று பயத்தில் அவன் எந்தப் பித்தானையும் தொடவில்லை. தொட்டால் மறுபடியும் சிவந்துவிடுமே! கோடுகளை அணைக்கக்கூட இல்லை. அப்படியே, கறுப்பும் வெளுப்புமாய், கெண்டியைப் பெரிய திரையில் காட்டினான். அவனுக்கு முன்னால் காட்டியவர்களின் சாம்பல் நிறக் கெண்டிகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஹாஜி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட! என்னய்யா இது? திருப்பு.”

ரிஃபாத் திருப்பினான். கோடுகள் நழுவி வயிற்றைச் சுற்றி ஓடின.

“நகருது! குதுப், கோடு நகருதுய்யா!”

“நகருது ஹாஜி! நல்லாவே நகருது.”

“உலகத்துல எவனாவது கோடு போட்ட கெண்டி பண்ணியிருக்கானா? அதுவும் நகர்ற கோடு?”

டாக்டர் நஸ்மியின் கண்ணும் ரிஃபாத்தின் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. கோடு கெண்டியில் இல்லை என்பது பாடம் படித்த அத்தனை பேருக்கும் தெரியும், அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் இருவர்தான். நஸ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஹாஜி,” என்றான் ரிஃபாத். “அந்தக் கோடு வந்து...”

“வந்து?”

ஹாஜியின் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவத்துக்குப் பின்னால் பஸ்ஸும் மணலும் தெரிந்தன.

“...உங்களுக்குப் பிடிக்கும்னுதான் போட்டேன்.”

கைதட்டல் எழுந்தது. ரிஃபாத் அன்றே பொருள் மேம்பாட்டுத் துறையின் தலைவனான். கைவைத்த நாற்காலியும் கதவில் பெயர்ப்பலகையும் கொடுத்தார்கள். ‘இந்த மேற்பரப்பை யாரும் எக்காரணம் கொண்டும் தொடலாகாது’ என்று குதுப் ஆணையிட்டார். இப்திஹால் மீன் பொரித்தாள்.

“நெசமாவே ஜெயிச்சிட்டியா?”

“ஜெயிச்சிட்டேன்.”

“நீயா வாயத் திறந்து பேசினியா?”

“பேசினேனே,” என்றான். பொய் இல்லை. பேசத்தான் செய்தான்.

*

அச்சு வார்க்கிற பட்டறையிலிருந்து தலைமை மேஸ்திரி உஸ்தா காரிப் போன் செய்தார்.

“தலைவரே, வாழ்த்து. படம் பாத்தேன். வழவழன்னு கன்னுக்குட்டி நாக்கு மாதிரி இருக்கு. ஒரே ஒரு சங்கதி. மூக்குக்குள்ள சுவர் நிக்குதே, அது இருக்கட்டுமா?”

ரிஃபாத் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். “இருக்கட்டும்.”

“வயித்துலேருந்து மூக்குக்கு வழியே இல்லியே?”

“உஸ்தா, படத்துல என்ன இருக்கோ அதப் போடுங்க. மேற்பரப்பத் தொடக் கூடாதுன்னு ஆணை இருக்கு.”

“நான் எதுக்குத் தொடப் போறேன்? எழுதிக் குடுத்துடுவீங்கல்ல?”

“குடுத்துடறேன்.”

“அப்ப சரி. சுவருக்கும் சேத்துதான் இரும்பு வெட்டணும், அதுக்கும் கூலி உண்டு. நாளைக்கு எவனாவது கேட்டா நான் கேட்டேன்னு ஆச்சு. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்.”

அச்சு வந்தது. கெண்டிகள் வந்தன. வெள்ளை வெளேரென்று, பளபளவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் வந்தன. ஹாஜி ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பினார், கவிழ்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

“கோடு எங்க?”

உடனடியாக ‘கோடு காணாமற்போனமை பற்றிய விசாரணைக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் குதுப். முதல் அமர்விலேயே மூன்று கருத்துகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, அச்சுக்காரன் கோட்டைத் திருடிவிட்டான். இரண்டு, கோடு வரும் வழியில் லாரிக் குலுக்கலில் உதிர்ந்துவிட்டது. மூன்றாவது குதுப்பே வழங்கியது: புதுப் பிளாஸ்டிக் சூடாக இருக்கிறது, ஆறினால் கோடு வரும். ஆறும்வரை தேநீர் வரவழைக்கப்பட்டது. தேநீர் ஆறியது. கோடு வரவில்லை. ரிஃபாத்தை அழைத்தார்கள்.

“கோடு கெண்டியில இல்ல ஹாஜி,” என்றான் ரிஃபாத். அத்தனை பேருக்கு முன்னால் அவன் வாயிலிருந்து ஒரு முழு உண்மை வெளியே வந்துவிட்டது. “வெளிச்சத்துல இருக்கு.”

 ஹாஜி கெண்டியை மெல்ல மேஜை மேல் வைத்தார். குதுப் பேனா மூடியைக் கழற்றினார். அந்தப் பேனாவுக்கு கார்கா என்று எழுத எத்தனை நொடி ஆகுமென்று ரிஃபாத் மனசு கணக்குப் போட்டது. குழாய்ச் சத்தம் காதில் கேட்டது.

“...அதனால,” என்றான், “வெளிச்சத்த நாம வாங்கணும்.”

ஹாஜியின் முகம் மலர்ந்தது. “அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!”

அதன்பின் நடந்ததை ஷுப்ரா அல்-கைமாவில் இன்றும் பேசுகிறார்கள். அந்த வட்டாரத்துக் கடைகளில் இருந்த குழல்விளக்கு அத்தனையும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. சரக்கறையைக் காலி செய்து, சுவருக்குக் கறுப்பு அடித்து, இந்தச் சுவரிலிருந்து கூரை வழியாக அந்தச் சுவர்வரை வரிசை வரிசையாக விளக்குகளை மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் பட்டறை மிஷின்கள் மூச்சு வாங்கி நின்றன. தெருவில் பாதி இருண்டது. நடுவில் ஒரு மேடையில் வெள்ளைக் கெண்டி. அதன் மேல், கறுப்பு வெளுப்பு கறுப்பு வெளுப்பாக, வயிற்றிலிருந்து மூக்கு நுனிவரை ஒடியாமல் வழுக்கி ஓடியது கோடு. திருப்பினால் நகர்ந்தது!

ஹாஜி ரிஃபாத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். “நீ என் புள்ளடா! மேற்பரப்புன்னா நீதான்டா!”

“வாங்குறவங்க வீட்ல இவ்வளவு விளக்கு இருக்குமா ஹாஜி?” என்று யாரோ கேட்டதற்கு, “கெண்டி வாங்குறவனுக்கு விளக்கு தள்ளுபடியில குடுப்போம்,” என்று பதில் வந்தது. இப்படித்தான் ஒரு கம்பெனி இரண்டாவது தொழிலுக்குள் காலடி எடுத்து வைக்கிறது.

*

வெளியீட்டு விழா. பிரதம விருந்தினர், நீர்ச் சிக்கன உயர் மன்றத்தின் துணைத்தலைவர் இஸ்ஸத் பே; ‘பே’ என்பது பெரிய மனிதர்களுக்கு அங்கே சேர்க்கும் மரியாதை. மேலே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், கீழே கோதுமை ரவை அடைத்து வதக்கிய புறாக்கள். பேச்சுக்கு முன் விருந்து என்பது அந்த ஊர் வழக்கம். பேச்சைக் கேட்டபின் சாப்பிட யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. இஸ்ஸத் பே ஒவ்வொரு புறாவாக இரு கையாலும் பிய்த்து, விரலிலிருந்து முழங்கைவரை நெய் ஒழுக, நாட்டுக்காக உண்டார்.

அடுத்து நடந்தது யாரும் திட்டமிடாதது. பெரிய மனிதர் கை கழுவ, வீட்டுக்காரரே தண்ணீர் ஊற்றுவதுதான் மரியாதை. ஹாஜி மேடையிலிருந்து அந்தக் கெண்டியையே எடுத்தார்.

“இதுலேயே ஊத்துறேன் பே! மொத தண்ணி உங்க கையில!”

கடைசி மேஜையில் இருந்த ரிஃபாத் கடித்த புறாவை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். சோப்பு நுரைத்த... இல்லை, சோப்பு ஒட்டிய கைகளை இஸ்ஸத் பே நீட்டினார். கீழே செம்புத் தட்டைப் பிடித்துக்கொண்டார் குதுப். கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகிய கெண்டியை ஹாஜி சாய்த்தார். கோடுகள் அழகாக நழுவின. கூட்டம் ‘ஆ’ என்றது.

தண்ணீர் வரவில்லை.

இன்னும் சாய்த்தார். கோடுகள் இன்னும் நழுவின. கூட்டம் கைதட்டியது. தண்ணீர் வரவில்லை. கெண்டியைத் தலைகீழாகவே கவிழ்த்தார். மூக்கிலிருந்து மூச்சுகூட வரவில்லை. ஹாஜியின் நெற்றியிலிருந்துதான் ஒரு சொட்டு இறங்கியது.

இஸ்ஸத் பே ஹாஜியைப் பார்த்தார். கெண்டியைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். பொதுவாழ்வில் பழுத்தவர் அல்லவா? நீட்டிய கைகளை ஒன்றோடொன்று நன்றாகத் தேய்த்தார். விரலிடுக்கெல்லாம் தேய்த்தார். உதறினார். குதுப் அளித்த துண்டில் துடைத்தார். துண்டு முழுக்க நெய்.

“அருமை,” என்றார். “சில்லுன்னு இருக்கு.”

அதற்குப் பின் யார்தான் கை கழுவாமல் இருக்க முடியும்? பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். ஹாஜி சாய்த்தார், அவர்கள் தேய்த்தார்கள், உதறினார்கள், துடைத்தார்கள். “ஆகா, என்ன தண்ணி!” என்றார் ஒருவர். “பாத்து ஹாஜி, சட்டையில தெறிக்குது!” என்று பின்னால் குதித்தார் டாக்டர் நஸ்மி. குதுப் கையோடு முகத்தையும் கழுவிக்கொண்டார். கடைசியாக ரிஃபாத் வந்தான். அவன்தான் எல்லாரையும்விட நேரம் எடுத்து, பொறுப்பாக, நகக்கண்வரை கழுவினான். ஹாஜி அவனை மட்டும் உற்றுப் பார்த்தார். 

பிறகு இஸ்ஸத் பே பேசினார். “நாம எத்தனையோ கெண்டிகளப் பாத்திருக்கோம். எல்லாமே தண்ணிய வீணாக்குற கெண்டிகள். ஊற்றிய தண்ணீரை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தன்னகத்தே காத்து நிற்கும் முதல் கெண்டியை இன்றுதான் என் கையால் உணர்ந்தேன்!” கூட்டம் எழுந்து நின்றது. மன்றத்தின் சிக்கன விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. கார்காவின் எல்லா அலுவலகங்களுக்கும் இதையே வாங்க மன்றம் பரிந்துரைக்கும் என்றும் சொன்னார். பாலைவனத்தில்தானே தண்ணீரைச் சேமிக்க வேண்டும்!

ஹாஜி மைக்கைக் கையில் வாங்கினார். “கார்காவுல நம்ம புதுக் கிளை திறக்கிறோம். அதுக்கு இயக்குநர்... எங்க நம்ம ரிஃபாத்? ரிஃபாத்! இந்த மேற்பரப்போட தகப்பன்! அடுத்த வாரமே போறாரு!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ரிஃபாத்தும் தட்டினான். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். புகைப்படக்காரர் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது அவன் கையில் பரிசுக் கெண்டி ஒன்று இருந்தது. இப்திஹால் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். “என்ன இது, பிசுக்குன்னு? விருந்துல கை கழுவலியா?”

“கழுவினேன்.”

“எதுல?”

கெண்டியைக் காட்டினான். கார்காவையும் சொன்னான். அவள் கத்தவில்லை. கெண்டியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தாள், அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு அவன் கையின் மேல் சாய்த்தாள். காத்திருந்தாள். மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

“மூக்குக்குள்ள சுவர் இருக்கு.”

“ம்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“அச்சு போடறதுக்கு முன்னாடிலேருந்து.”

இப்திஹால் அடுப்பைப் பற்றவைத்தாள். கபாப் கம்பியை எடுத்து முனை சிவக்கக் காய்ச்சினாள். மூக்கு வழியாக உள்ளே விட்டு ஒரு குத்து. சுர்ரென்றது. புகை வந்தது. மறுபடி தண்ணீர் பிடித்துச் சாய்த்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டி, புறா நெய்யைக் கரைத்துக்கொண்டு அவன் கையில் ஓடியது.

ரிஃபாத் பதறிப்போய் ஈரக்கையோடு கெண்டியைப் பிடுங்கினான். சமையலறை விளக்குக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கு நுனியில் கம்பி உரசி ஒரு கீறல்.

“என்ன காரியம் பண்ணிட்டே இப்திஹால்! கோடு ஒடிஞ்சிருச்சே!”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். அவன் சட்டைகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தாள்.

“உன்னையும் இதையும் ஒரே அச்சுலதான்யா வாத்திருக்கானுங்க. பள்ளத்துல விட்டாலும் பளபளக்குது, கவுத்தாலும் ஒண்ணும் வெளிய வராது.” பெட்டியை மூடி, கெண்டியை அவன் கையிலிருந்து வாங்கிக் குழாயடியில் வைத்தாள். “இது இங்க இருக்கட்டும். இதுலயாவது ஒரு ஓட்ட போட முடிஞ்சுது.”